'லாரி' என்னும் ஒரு சொல்

1945ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள். திருச்சபையின் நாள்காட்டியில் அது திருநீற்றுப் புதன். அன்று, சூயஸ் கால்வாயின் வழியில் அமைந்த பெருங்கசப்பு ஏரியில், 'குயின்சி' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் இருவர் சந்தித்தனர். ஒருவர், யால்ட்டா மாநாட்டை முடித்துவிட்டு நாடு திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். மற்றவர், சவூதி அரேபிய மன்னர் இபின் சவூத். மன்னர் ஜெட்டா துறைமுகத்திலிருந்து வேறொரு அமெரிக்கக் கப்பலில் வந்தார். உணவுக்கென ஆடுகளும் அதே கப்பலில் வந்தன. மன்னரின் சமய உணர்வை மதித்து, அவர் முன்னிலையில் புகைபிடிப்பதை ரூஸ்வெல்ட் தவிர்த்தார். தாமே நடக்க இயலாதவரான அவர், கால் நோயால் வருந்திய மன்னருக்குத் தம் சக்கர நாற்காலிகளுள் ஒன்றைப் பரிசாக அளித்தார்.

அவர்கள் பேசியதில் பெரும்பகுதி பாலஸ்தீனத்தைப் பற்றியது. ஆயினும் அந்தச் சந்திப்பு வரலாற்றில் நிலைத்திருப்பது எண்ணெயின் பொருட்டே. அப்போது நடந்துகொண்டிருந்த உலகப் போரில் நேச நாடுகள் எரித்த எண்ணெய் ஏறத்தாழ 700 கோடி பீப்பாய். அதில் 600 கோடியளவு அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது. அவ்வளவு எண்ணெய் கொழித்த நாட்டின் தலைவர், பாலைவன மன்னர் ஒருவரின் நட்பை ஏன் நாடினார்? தம் வீட்டுக் கிணறு என்றேனும் வற்றும் என்பதை அறிந்திருந்தார், அதனால்தான்.

கிணறு வற்றுவது இயற்கை. ஆனால், வற்றும் எனத் தெரிந்தபின்னும் இறைப்பைப் பெருக்கிக்கொண்டே போவது இயற்கையன்று. அது மனிதர் எடுக்கும் முடிவு. அந்த முடிவை அமெரிக்கா எப்போது எடுத்தது? யார் எடுத்தார்கள்? இக்கேள்விக்கு விடை தேடினால், நாம் போய் நிற்பது எண்ணெய் வயல்களிலன்று. அந்நாட்டின் சட்டப் புத்தகத்திலுள்ள 'லாரி' என்னும் ஒரு சொல்லின் முன்னேயே நிற்கிறோம்.

வளத்தில் வளர்ந்த பழக்கம்

1859இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் எட்வின் டிரேக் என்பவர் ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். 1901இல் டெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்டாப் மேட்டிலிருந்து எண்ணெய் ஊற்று வானளாவப் பீறிட்டது. 1908இல் ஹென்றி ஃபோர்டு தமது 'மாடல் டி' காரை வெளியிட்டார். 1927க்குள் அவ்வகைக் கார்கள் 1.5 கோடி உருவாயின. எண்ணெயும் காரும் ஒன்றையொன்று வளர்த்தன.

1956இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 41,000 மைல் நீளமுள்ள தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் கண்டார். நகரை விட்டு மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளி ஒரு திசை, கடை ஒரு திசை, அலுவலகம் மற்றொரு திசை என்று வாழ்க்கை விரிந்தது. பால் வாங்கவும் காரெடுக்க வேண்டிய வாழ்க்கை அது. இதனைப் பேராசை என்று எவரும் அழைக்கவில்லை. முன்னேற்றம் என்றே அழைத்தனர்.

அதே 1956இல் கிங் ஹப்பர்ட் என்னும் புவியியல் அறிஞர், அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சம் தொட்டு, பின்னர் இறங்கும் என்று கணித்தார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. 1970இல் உற்பத்தி நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாயைத் தொட்டது. பின்னர் இறங்கத் தொடங்கியது. ஆனால் தேவை இறங்கவில்லை. 1973இல் அந்நாடு பயன்படுத்திய எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்குமதியாயிற்று.

1973ஆம் ஆண்டின் குளிர்காலம்

1973 அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதங்களை வான்வழி அனுப்பியது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய்க்கு 3 டாலராக இருந்த விலை, 1974 சனவரியில் 11.65 டாலராயிற்று. பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. ஒற்றைப்படை எண் கொண்ட வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பல மாநிலங்கள் முறை வகுத்தன. நவம்பர் 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, 1980க்குள் எரிபொருளில் நாடு பிறரைச் சாராமல் நிற்கும் என்று உறுதிகூறினார். நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லலாகாது என்ற விதியும் வந்தது.

அச்சம் நல்ல ஆசானாகவும் இருக்கும். 1975 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதுவரை அமெரிக்கக் கார்கள் ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14 மைல் ஓடின. நம் கணக்கில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர். ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரியை 1978இல் 18 மைலுக்கும், 1985இல் 27.5 மைலுக்கும் உயர்த்த வேண்டும் என்றது சட்டம். அதாவது பத்தாண்டுகளில் இருமடங்கு.

சட்டம் பலித்தது. 1977இல் 46 விழுக்காட்டைத் தாண்டியிருந்த நிகர இறக்குமதி, 1985இல் ஏறத்தாழ 27 விழுக்காடாயிற்று. அலாஸ்காவின் புதிய எண்ணெயும், மின் நிலையங்கள் எண்ணெயைக் கைவிட்டதும், விலையேற்றமும் இதற்குத் துணைநின்றன என்பது உண்மை. ஆனால் கார்களின் சிக்கனமும் பெரும்பங்கு ஆற்றியது. ஒரு தேசம் மனம் வைத்தால் எட்டாண்டுகளில் தன் தளையைப் பாதியாகத் தளர்த்த முடியும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று.

உழவனுக்காகத் திறந்த கதவு

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 1975ஆம் ஆண்டின் சட்டம் குறித்த இலக்குகள் பயணியர் கார்களுக்கு மட்டுமே. சிறு லாரிகளுக்கு உரிய அளவை அரசின் போக்குவரத்துத் துறை தனியே வகுக்கட்டும் என்று விடப்பட்டது. துறை வகுத்த அளவோ மிகத் தாழ்வானது.

இந்தச் சலுகையில் அப்போது பிழை காண்பது கடினம். சிறு லாரி யாருடைய வண்டி? வைக்கோலும் வேலிக்கம்பிகளும் ஏற்றிச்சென்ற உழவனுடையது, ஏணியும் குழாய்களும் ஏற்றிச்சென்ற குழாய் வேலைக்காரருடையது, தச்சருடையது. சுமை இழுக்கும் வண்டிக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். உழைப்பவன் வயிற்றில் அடிக்கலாகாது என்று சட்டமியற்றியோர் எண்ணினர். மேலும், அன்று விற்பனையான புதிய வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே இவ்வகை.

இக்கதவுக்கு மற்றொரு தாழ்ப்பாளும் ஏற்கனவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சியின்மீது வரியை உயர்த்தின. அதற்கு மறுமொழியாக, 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜான்சன், உருளைக்கிழங்கு மாவுப்பொருள், பிராந்தி முதலியவற்றோடு அயல்நாட்டுச் சிறு லாரிகள்மீதும் 25 விழுக்காடு சுங்கம் விதித்தார். கோழிச் சண்டை ஓய்ந்தது. லாரிச் சுங்கம் ஓயவில்லை. அயல்நாட்டுப் போட்டி எளிதில் நுழைய முடியாத ஒரு தொழுவம் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கிடைத்தது.

சிக்கன விதி தளர்வு. அயலார் போட்டியும் குறைவு. கார் விற்பதைவிட லாரி விற்பதே இலாபம் என்றாயிற்று. ஆனால் நகரத்து மருத்துவரும் வழக்கறிஞரும் லாரி வாங்குவரோ? வாங்கினர். லாரிக்கு வேறு உருவம் தந்தபோது வாங்கினர்.

எது லாரி என்பதற்கு விதிகள் தந்த இலக்கணம் நெகிழ்வானது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும், தரையிலிருந்து போதிய உயரமும் கொண்டு, கரடுமுரடான நிலத்தில் ஓடக்கூடியது லாரி. இருக்கைகளைக் கழற்றினால் சமதளமாகிச் சரக்கேற்ற இடம் தருவதும் லாரி. ஆகவே, பிக்கப் லாரியின் இரும்புச் சட்டத்தின்மேல் மெத்தை இருக்கைகளையும் குளிரூட்டியையும் இசைப்பெட்டியையும் பொருத்தினாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது லாரியே. இப்படிப் பெருகியதே 'எஸ்.யு.வி.' என்று நாம் அழைக்கும் இனம். 2000இல் வெளிவந்த 'பி.டி. குரூசர்' பார்வைக்கு ஒரு பழங்காலச் சிறு கார். பின்னிருக்கையைக் கழற்றலாம் என்பதால் அதுவும் சிக்கன விதியின் ஏட்டில் லாரியாயிற்று.

அதுவரை பெரிய குடும்பங்கள் 'ஸ்டேஷன் வேகன்' என்னும் நீண்ட காரை வைத்திருந்தன. அது கார் வகையைச் சேர்ந்ததால் சிக்கன விதிக்கு உட்பட்டது. ஆகவே மெல்ல மறைந்தது. அதனினும் மிகுதியாக எரிபொருள் குடிக்கும் எஸ்.யு.வி. அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. சேமிக்க வந்த சட்டமே செலவுக்கு வழிகாட்டியது என்பது இதன் விந்தை.

ஸ்வெட்டர் அணிந்த தலைவர்

எச்சரிக்க எவருமே இல்லாமல் போகவில்லை. 1977 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கம்பளி ஸ்வெட்டர் அணிந்து தொலைக்காட்சி முன் அமர்ந்து, வீட்டு வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு மக்களை வேண்டினார். பாப்டிஸ்டு சபையில் ஞாயிறு மறைக்கல்வி கற்பித்தவர் அவர். 1979இல் ஈரானியப் புரட்சி மீண்டும் எண்ணெய் விலையை உயர்த்தியது. அவ்வாண்டு சூலையில் கார்ட்டர் பத்து நாட்கள் மலை ஓய்விடத்தில் தங்கி, சமயத் தலைவர்கள் உட்படப் பலரிடம் கருத்துக் கேட்டார். இறங்கி வந்து ஆற்றிய உரையில், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு அடியில் ஆன்மாவின் தட்டுப்பாடு ஒன்று இருப்பதாகக் கூறினார். மனிதர் தாம் செய்வதைக் கொண்டன்றித் தாம் வைத்திருப்பதைக் கொண்டு அறியப்படுவதைக் கண்டித்தார். முதலில் மக்கள் வரவேற்றனர். பின்னர் அது சலிப்பாயிற்று. 1980இல் இறக்குமதி எண்ணெய்க்குக் கட்டணம் விதித்து, பெட்ரோல் விலையைக் கேலனுக்கு 10 சென்ட் உயர்த்த முயன்றார். காங்கிரஸ் அதனைத் தகர்த்தது. அவ்வாண்டுத் தேர்தலிலும் அவர் தோற்றார். வெள்ளை மாளிகைக் கூரையில் அவர் அமைத்த சூரியவெப்பத் தகடுகள் 1986இல் அகற்றப்பட்டன.

அதே 1986இல் எண்ணெய் விலை சரிந்து, பீப்பாய்க்கு 10 டாலரை நெருங்கியது. விலை இறங்கியதும் மன உறுதியும் இறங்கியது. கார்களுக்குரிய சிக்கன அளவு 27.5 மைலிலிருந்து 26 மைலாகத் தளர்த்தப்பட்டது. நோய் தணிந்ததும் பத்தியத்தை விடுவது மனித இயல்பன்றோ?

குவைத் தந்த பாடம்

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. ஏழு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 25ஆம் நாள், அமெரிக்கச் செனட்டில் ஒரு வாக்கெடுப்பு. கார்களின் சிக்கன அளவை 40 மைல் நோக்கி உயர்த்தும் மசோதாவை ரிச்சர்டு பிரையன் என்ற உறுப்பினர் கொண்டுவந்திருந்தார். விவாதத்தை முடித்து மசோதாவை எடுத்துக்கொள்ள 60 வாக்குகள் வேண்டும். கிடைத்தவை 57. மூன்று வாக்குகளில் மசோதா வீழ்ந்தது. நான்கு மாதங்களுக்குள், 1991 சனவரி 17ஆம் நாள், வளைகுடாவில் குண்டுகள் விழத்தொடங்கின.

அந்தப் போர் எண்ணெய்க்காக மட்டுமே நடந்தது என்று சொல்வது எளிமைப்படுத்துவதாகும். ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு சிறு நாட்டின் உரிமையும் அதில் இருந்தது. ஆனால், அந்த மண்ணில் எண்ணெய் இல்லாதிருந்தால் ஐந்து லட்சம் அமெரிக்கப் படைவீரர் அங்கே சென்றிருப்பரோ என்ற கேள்வியை நேர்மையுள்ளோர் எவரும் தவிர்க்க முடியாது.

நமக்கும் அதில் பங்கு உண்டு. அவ்வாண்டு நான் குருமட மாணவன். உடன் பயின்ற ஒருவரின் அண்ணன் குவைத்தில் வேலை செய்துவந்தார். அவர் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்து, ஒற்றைப் பையுடன் ஊர் திரும்பினார். ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அவ்வாறு விமானங்களில் மீட்கப்பட்டனர். எண்ணெய் விலை உயர்ந்தது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது. முன்பே நலிந்திருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி நிலை சீர்குலைந்து, 1991இல் 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலை வந்தது. எங்கோ ஒருவர் தேவைக்கு மேல் எரிப்பதற்கான விலையை வேறெங்கோ ஒருவர் தருகிறார் என்பதை நான் கற்றது பாடநூலிலன்று. அந்த ஒற்றைப் பையில்தான்.

பீப்பாயை விஞ்சிய கலம்

குவைத் தாக்கப்பட்ட அதே ஆண்டில்தான் ஃபோர்டு நிறுவனத்தின் 'எக்ஸ்புளோரர்' சந்தைக்கு வந்து, நாட்டின் முதன்மை எஸ்.யு.வி. ஆயிற்று. 30,000 டாலருக்கு மேற்பட்ட ஆடம்பரக் கார்கள்மீது காங்கிரஸ் 10 விழுக்காடு வரி விதித்ததும் 1990இல்தான். மொத்தச் சுமையெடை 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு விலக்கு அளித்தது. 1978ஆம் ஆண்டின் சட்டப்படி எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி உண்டு. லாரி வகைக்கு அதுவும் இல்லை. எவ்வளவு பெரிய வண்டியோ அவ்வளவு பெரிய விலக்கு.

1992இல் போர்க்களத்து வண்டியான 'ஹம்மர்' பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. 1995இல் 55 மைல் வேக வரம்பு நீக்கப்பட்டது. பெட்ரோல்மீதான நடுவண் அரசின் வரி 1993இல் கேலனுக்கு 18.4 சென்ட் ஆயிற்று. இன்றுவரை அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. சிக்கன அளவை அரசு உயர்த்துவதைப் பற்றி ஆராயக்கூட நிதி செலவிடலாகாது என்று 1990களின் பிற்பாதியில் காங்கிரஸ் ஆண்டுதோறும் தடைவிதித்தது. லாரிகளுக்குரிய அளவு 20.7 மைலிலேயே, அதாவது லிட்டருக்கு 8.8 கிலோமீட்டரிலேயே, பல ஆண்டுகள் நின்றது.

1999இல் ஃபோர்டு நிறுவனம் 'எக்ஸ்கர்ஷன்' என்னும் வண்டியை வெளியிட்டது. மொத்தச் சுமையெடை 8,500 பவுண்டைத் தாண்டியதால், லாரிக்குரிய தளர்ந்த சிக்கன விதிகூட அதற்குப் பொருந்தவில்லை. எண்ணெய் வணிகத்தில் ஒரு பீப்பாய் என்பது 42 கேலன். அந்த வண்டியின் எரிபொருள் கலமோ 44 கேலன் கொண்டது. ஒரு குடும்பத்தின் வண்டி ஒரு பீப்பாயையும் விஞ்சிவிட்டது.

2003 மார்ச்சில் ஈராக்கில் மீண்டும் போர். அவ்வாண்டு மே மாதத்தில் இயற்றப்பட்ட வரிச்சட்டம், தொழிலுக்கெனப் பெரிய எஸ்.யு.வி. வாங்குவோர் 1,00,000 டாலர் வரை முதலாண்டிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ள இடமளித்தது. உழவனின் டிராக்டருக்கும் சிறுதொழிலின் இயந்திரத்துக்கும் உரிய சலுகை, மருத்துவரின் ஹம்மருக்கும் கிடைத்தது. 2004இல் அது 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

2005இல் அமெரிக்கா பயன்படுத்திய எண்ணெயில் 60 விழுக்காடு நிகர இறக்குமதி. 1973இல் தேசத்தை நடுங்கவைத்த அளவைக் காட்டிலும் அது ஏறத்தாழ இருமடங்கு நெருங்கிய நிலை. 2006 சனவரியில், தாமே எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்தவரான குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், தம் நாடு எண்ணெய்க்கு அடிமைப்பட்டிருக்கிறது என்று காங்கிரஸ் முன் ஒப்புக்கொண்டார்.

யார் குற்றவாளி?

2002 நவம்பரில் அமெரிக்கப் புராட்டஸ்தாந்து சகோதரர் சிலர், இயேசு எந்த வண்டியை ஓட்டுவார் என்று கேட்டு ஓர் இயக்கம் நடத்தினர். சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். கேள்வியின் நோக்கம் நல்லது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அது வண்டி வாங்குபவரின் மனச்சான்றை மட்டுமே தட்டுகிறது.

அந்தக் குடும்பத் தலைவியை எண்ணிப் பார்ப்போம். மூன்று குழந்தைகள். முன்பு ஓட்டிய ஸ்டேஷன் வேகன் இப்போது கடையில் இல்லை. சாலையில் எதிரே வருபவையெல்லாம் பெரிய வண்டிகள். அவற்றிடையே சிறு காரில் செல்ல அச்சம். பெட்ரோல் மலிவு, வரியும் குறைவு. பெரிய வண்டியை வாங்குகிறார். அவரைக் கண்டு பக்கத்து வீட்டாரும் அஞ்சி வாங்குகின்றனர். இதில் கொடியவர் யார்? கோழிக்காகச் சுங்கம் விதித்தவரா? உழவன்மேல் இரங்கியவரா? தொழிலாளரின் வேலையைக் காக்க வாக்களித்த உறுப்பினரா? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் பக்கமும் ஒரு நியாயம் தென்படுகிறது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தேசத்தின் அடிமைத்தனம் தெரிகிறது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987ஆம் ஆண்டின் 'சமூக அக்கறை' என்னும் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றிப் பேசினார். தனி மனிதரின் செயல்களில் வேரூன்றி, பின்னர் தனி மனிதரையே ஆட்டிப்படைக்கும் அமைப்புகள் அவை. குருமடத்தில் அச்சொற்றொடரைக் கற்றபோது அது எனக்குக் கருத்தளவில் நின்றது. இந்த வரலாற்றைப் படித்தபின் அதற்கு நான்கு சக்கரங்கள் இருப்பதைக் கண்டேன்.

அறநெறி இயலில் நாங்கள் பயின்ற மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. சட்டம் பொதுநன்மைக்கானது, விதிவிலக்கு தேவையுள்ளோருக்கானது. விதிவிலக்கைத் தேவையற்றோர் பிடித்துக்கொள்ளும்போது சட்டத்தின் எழுத்து உடைவதில்லை, உயிர்தான் பிரிகிறது. அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. எவரும் சட்டத்தை மீறவில்லை.

மீண்டும் ஜெட்டா

2008 சூலையில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பெரிய வண்டிகள் விற்காமல் தேங்கின. 2009 சூன் 1ஆம் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2010இல் ஹம்மர் உற்பத்தி நின்றது. பாடம் முடிந்தது என்று எண்ணினோம்.

ஆனால் அப்போதே பாறையை நீராலும் மணலாலும் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவிக்கொண்டிருந்தது. உற்பத்தி ஏறியது. 2020இல், 1949க்குப் பின் முதன்முறையாக, அமெரிக்கா வாங்கும் எண்ணெயைவிட விற்கும் எண்ணெய் மிகுந்தது. 2024இல் கச்சா எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாயைத் தாண்டியது. பழைய பழக்கமும் திரும்பியது. 2018இல் ஃபோர்டு நிறுவனம், வட அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லாச் சாதாரணக் கார்களையும் கைவிடப்போவதாக அறிவித்தது. பின்னர் வந்த சிக்கன விதிகள் பெரிய உடற்பரப்புள்ள வண்டிக்குத் தளர்ந்த இலக்கைத் தந்ததால், வளர்வதே வசதியாயிற்று. 1975இல் ஐந்தில் ஒன்றாயிருந்த லாரி வகை, இன்று புதிய வண்டிகளில் ஐந்தில் நான்கை நெருங்கி நிற்கிறது. 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம், சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்குரிய அபராதத்தையே சுழியமாக்கிவிட்டது.

அப்படியாயின் தளை அறுந்துவிட்டதா? 2022இல் ரஷியா உக்ரைனைத் தாக்கியபோது விடை கிடைத்தது. எண்ணெயின் விலையை உலகச் சந்தை நிறுவுகிறது. சொந்தக் கிணறு உள்ளவரும் அந்த விலையையே தருகிறார். அமெரிக்காவின் பழைய சுத்திகரிப்பு ஆலைகளில் பல கனமான எண்ணெய்க்கென அமைந்தவை. பாறையிலிருந்து கிடைப்பதோ மெல்லிய எண்ணெய். ஆகவே இறக்குமதியும் நிற்கவில்லை. அவ்வாண்டு சூனில் பெட்ரோல் விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. சூலையில் குடியரசுத் தலைவர் பைடன், எண்ணெய் வரத்து பெருகும் என்ற எதிர்பார்ப்போடு ஒரு நகருக்குப் பயணமானார். அந்நகர் ஜெட்டா. 1945இல் மன்னர் இபின் சவூத் ஆடுகளோடு கப்பலேறிய அதே துறைமுக நகர். அக்டோபரில் சவூதி அரேபியாவும் அதன் கூட்டாளி நாடுகளும் உற்பத்தி இலக்கை நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைத்தன.

எழுபத்தேழு ஆண்டுகள். ஒரு நாடு அதே வாசலில் மீண்டும் நின்றது. நடுவில் அது கண்ட எண்ணெய் எவ்வளவு, அறிவு எவ்வளவு, செல்வம் எவ்வளவு! குறைந்திருந்தது ஒன்றே: போதும் என்று சொல்லும் துணிவு. 1977 முதல் 1985 வரை அத்துணிவு இருந்தபோது தளை தளர்ந்தது. அது போனதும் இறுகியது.

இதைப் படித்து அயலாரைப் பழிப்பதில் பயனில்லை. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. விற்கும் பயணியர் வண்டிகளில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. வகை. 2006ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம், முதன்முதலாகக் கார் வாங்கும் எளிய குடும்பங்களுக்கு ஏதுவாக, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களின் தீர்வையைக் குறைத்தது. சில ஆண்டுகளில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்.யு.வி.க்கள் பிறந்தன. எளியவருக்காகத் திறக்கும் கதவில் யார் முதலில் நுழைகிறார் என்பதைக் கவனிப்பது நம் கடமையுமாகும்.

ரூஸ்வெல்ட் அந்த மன்னரைச் சந்தித்த நாள் தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலம் நமக்குக் கற்பிப்பது பட்டினி கிடப்பதையன்று, தேவையையும் ஆசையையும் பிரித்தறிவதையே. அந்தப் பகுத்தறிவு ஒரு தனி மனிதருக்கு எவ்வளவு தேவையோ, சட்டம் இயற்றும் மன்றத்துக்கும் அவ்வளவு தேவை. வாக்காளராகிய நாம் அதனை முதலில் நம் வீட்டு முற்றத்தில் பழகினால்தான், மன்றத்தில் கேட்கும் தகுதி பெறுவோம்.